ஒரே வண்டிதான் என்றால், எந்த கூப்பே?

கேள்வி: எனக்கு வயது 41. சின்ன வயதிலிருந்தே இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் வண்டி மேல் ஆசை. இப்போதிருக்கும் குடும்பக் காரை விற்றுவிட்டு, பழைய ஜெர்மன் கூப்பே ஒன்றை வாங்கித் தினமும் அதையே ஓட்டலாம் என்றிருக்கிறேன். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2008-ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 335ஐ, ஆட்டோமேட்டிக், 1,30,000 கி.மீ. ஓடியது. மூன்று கை மாறியிருக்கிறது. கடைசியாக வைத்திருந்தவர் கூடுதல் சக்திக்காக எஞ்சினின் மென்பொருளை மாற்றி டியூன் செய்திருக்கிறார். அவர் காலத்து பில் எதுவும் இல்லை. இன்னொன்று 2012-ஆம் ஆண்டு ஆடி டிடி 2.0, ஆட்டோமேட்டிக், 95,000 கி.மீ. ஓடியது. ஒரே உரிமையாளர், எல்லா பில்லும் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. அலுவலகம் 9 கி.மீ. தூரத்தில். போகும் வழியில் ஏழு வயது மகளைப் பள்ளியில் விட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை நெடுந்தூரப் பயணம் உண்டு. பிஎம்டபிள்யூவை ஓட்டிப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. "அது ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளில் நாம் எதில் போவது?" என்று கேட்கிறார் மனைவி. எதை வாங்கலாம்? இல்லை, போர்ஷே கேமன் கிடைக்கும் வரை காத்திருக்கலாமா?

பதில்: உங்கள் துணைவியார் கேட்டதுதான் சரியான கேள்வி. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பழைய ஜெர்மன் கூப்பேயைத் தினசரி வண்டியாக வைத்துக்கொள்ள முடியும். பலர் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் வேறு வண்டி இருக்கும்போது கூப்பே வாங்குவது ஒன்று. அதுவே ஒரே வண்டி என்னும்போது வாங்குவது முற்றிலும் வேறு. இரண்டாவது வண்டி இருந்தால், பாகம் வரும்வரை கூப்பே ஒரு வாரம் நின்றாலும் கவலையில்லை. ஒரே வண்டி என்றால் திங்கட்கிழமை காலை அது கிளம்பியே ஆக வேண்டும். அதனால் "எது நல்ல வண்டி?" என்பதை விட "எது குறைந்த நாள் நிற்கும்?" என்று பார்த்துத்தான் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தால் என் பதில்: 335ஐ வேண்டாம். டிடியை, நான் கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் வாங்கலாம். தேறாவிட்டால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

அதற்கு முன் இரண்டு விஷயம். வண்டி பழசாகப் பழசாக அதன் விலை இறங்கும். உதிரி பாகத்தின் விலை இறங்காது. புதிதாக வந்தபோது பெரிய விலைக்கு விற்ற வண்டி, இன்று உங்கள் கைக்கு எட்டும் விலைக்கு வந்திருக்கலாம். ஆனால் அதன் பிரேக் டிஸ்க்கும் டர்போவும் இன்னும் அந்தப் பெரிய வண்டியின் விலையில்தான் கிடைக்கும். வாங்கும் விலையில் குறைந்தது கால் பங்கை முதல் வருடச் செலவுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். மொத்தப் பணத்தையும் வண்டியிலேயே போட்டுவிட்டால் முதல் ரிப்பேரிலேயே ஆசை கசந்துவிடும்.

இரண்டாவது, முதலில் மெக்கானிக்கைத் தேடுங்கள், அப்புறம் வண்டியைத் தேடலாம். நீங்கள் வாங்கப்போகும் எஞ்சினை ஏற்கெனவே பிரித்துச் சேர்த்த அனுபவம் உள்ளவர், அந்த நிறுவனத்தின் வண்டிகளுக்கான முழு ஸ்கேனர் வைத்திருப்பவர் உங்கள் ஊரிலோ எளிதில் போய்வரும் தூரத்திலோ இருக்கிறாரா? இல்லையென்றால் எந்த ஜெர்மன் கூப்பேயும் உங்களுக்குத் தினசரி வண்டி ஆகாது. பொதுவான ஸ்கேனர் எஞ்சின் கோளாறுகளில் ஒரு பகுதியைத்தான் காட்டும். கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக், கதவு, விளக்கு என ஒவ்வொன்றுக்கும் இந்த வண்டிகளில் தனிக் கணினி உண்டு. அவற்றோடு பேசத் தெரியாதவர் ஊகத்தில் பாகங்களை மாற்றிக்கொண்டே இருப்பார், செலவு உங்களுடையது.

வண்டி எப்படி முதுமை அடைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மன் வண்டிகளின் பாடி, கியர்பாக்ஸின் உட்பாகங்கள், பெரும்பாலும் எஞ்சினின் அடிப்படைக் கட்டுமானம், இவையெல்லாம் திடமானவை. முதலில் கெடுவது பிளாஸ்டிக்கும் ரப்பரும். கூலண்ட் குழாய்கள், தண்ணீர்த் தொட்டி, கேஸ்கட்கள், சஸ்பென்ஷன் புஷ்கள். இவை கிலோமீட்டரால் மட்டும் தேய்வதில்லை. சூடாகிச் சூடாகி ஆறுவதாலும், வருடங்கள் போவதாலும் இறுகி வெடிக்கின்றன. அதனால் 1,30,000 கி.மீ. என்ற எண்ணைப் பார்த்து நான் பயப்படவில்லை. முறையாகப் பராமரித்து 1,60,000 ஓடிய வண்டியை, மூடிப்போட்டு நிறுத்தி வைத்து 40,000 மட்டும் ஓடிய வண்டிக்கு முன்னால் நான் தேர்ந்தெடுப்பேன்.

சரி, இப்போது 335ஐ.

அதை ஓட்டியபின் வேறு நினைப்பே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எஞ்சினை ஓட்டிய யாருக்கும் அது புரியும். என்54 என்று பெயர். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில், இரண்டு டர்போ, 306 குதிரைத்திறன். 2006-இல் இந்த கூப்பேயில்தான் அறிமுகமானது. 2007, 2008 என்று அடுத்தடுத்த இரண்டு வருடங்களும் சர்வதேச அளவில் ஆண்டின் சிறந்த எஞ்சின் விருதை வாங்கியது. மூன்று கி.மீ. ஓட்டினாலே மயங்க வைக்கும். அதன் தொல்லைகளும் அதே அளவுக்குப் பிரபலம். உயர் அழுத்த எரிபொருள் பம்ப் பழுதானதால் 2010 அக்டோபரில் அமெரிக்காவில் நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்து மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள். ஆறும் துல்லியமானவை, ஆறும் விலை உயர்ந்தவை. ஒன்றை மாற்றினாலும் அதன் மேல் அச்சிட்ட எண்ணை எஞ்சின் கணினியில் பதிய வேண்டும். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் என்ற கதவின் தண்டு தேய்ந்துவிட்டால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது தகர டப்பாவில் ஆணியைப் போட்டு ஆட்டியது போல ஒரு சத்தம் வரும். வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுவது. 1,00,000 கி.மீ.யை ஒட்டி எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும், அதுவும் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல். நின்றால் எஞ்சின் சூடேறி, வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும்; நீங்கள் சாலையோரம் ஒதுங்க வேண்டியதுதான். மூன்றாவது உரிமையாளரிடம் பில் இல்லை என்பதால், அந்த பம்ப் இன்னும் மாற்றப்படவில்லை என்றுதான் நாம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பில் இல்லாதது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சின்ன கேஸ்கட்டைப் பற்றிச் சொல்கிறேன். இந்த எஞ்சினின் முன்பக்கம், மேலே, ஆயில் ஃபில்டர் உட்காரும் வீடு ஒன்று இருக்கிறது. அது எஞ்சினோடு சேரும் இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் கேஸ்கட். வருடங்கள் ஆக ஆக அது இறுகி, ஓரத்தில் எண்ணெய் கசியும். முதலில் வெறும் ஈரம், தூசி ஒட்டிக் கருத்த ஒரு படலம். யாரும் கண்டுகொள்வதில்லை. பிறகு சொட்டு. அந்தச் சொட்டு விழும் இடத்துக்கு நேர் கீழே ஆல்டர்னேட்டரை ஓட்டும் பெல்ட். எண்ணெயில் ஊறிய பெல்ட் வழுக்கும், நார் நாராகப் பிரியும், ஒருநாள் கழன்றுவிடும். கழன்ற பெல்ட் கிராங்க் கப்பிக்குப் பின்னால் சிக்கி, அங்கேயிருக்கும் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு எஞ்சினுக்குள்ளேயே போய்விடுவது உண்டு. அதன்பின் பெல்ட்டின் துணுக்குகள் எண்ணெய்த் தொட்டியில் கிடக்கும், ஆயில் பம்ப்பின் வாயை அடைக்கும். மலிவான ஒரு கேஸ்கட்டை நேரத்துக்கு மாற்றாததால் எஞ்சினே போய்விடுகிறது. இதை மாற்றிய பில் ஒன்று கோப்பில் இருந்தால், யாரோ ஒருவர் இந்த வண்டியின் மேல் கண் வைத்திருந்தார் என்று அர்த்தம். உங்கள் 335ஐ வண்டியைப் பொறுத்தவரை, கடைசி சில வருடங்கள் யார் கண் வைத்திருந்தார் என்றே தெரியவில்லை.

டியூனிங் விஷயமும் அப்படித்தான். டியூன் செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. இந்த எஞ்சின் கூடுதல் சக்தியைத் தாங்கக்கூடியது, அதனால்தான் இதை இவ்வளவு பேர் டியூன் செய்கிறார்கள். நிறுவனம் டர்போ அழுத்தத்தைச் சுமார் 0.6 பார் அளவில்தான் வைத்திருந்தது. அதை எவ்வளவு ஏற்றினார்கள், யார் ஏற்றினார்கள், ஏற்றிய பிறகு எண்ணெயை எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். இல்லாத பதிலை நம்பி நீங்கள் பணம் கொடுக்கக் கூடாது. "விற்பதற்கு முன் பழைய மென்பொருளையே போட்டுத் தந்துவிடுகிறேன்" என்று அவர் சொன்னால், அதுவரை நடந்த தேய்மானம் அதனால் மறைந்துவிடாது.

இரண்டாவது காராக, அவசரமில்லாமல், செலவு செய்யும் மனதோடு வாங்குகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன். அப்போதும் பில் உள்ள வேறொரு 335ஐயைத் தேடச் சொல்லியிருப்பேன். 2010 முதல் வந்த ஒற்றை டர்போ என்55 எஞ்சின் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது.

இனி டிடி. இதன் பெரிய பலம் கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தலைமுறை டிடி, ஐந்தாம் தலைமுறை கோல்ஃபின் அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் அந்தக் குழுமத்தின் எத்தனையோ சாதாரண வண்டிகளில் ஓடுபவை. ஆகவே பாகம் கிடைக்கும், அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் கிடைப்பார். ஒரே வண்டியோடு வாழும் வீட்டுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் எல்லாம் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். 2010-க்குப் பிறகு வந்த 2.0 லிட்டர், 211 குதிரைத்திறன் எஞ்சினில் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முதலாவது டைமிங் செயின், அதாவது எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. எஞ்சினை அணைத்ததும் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது செயினைத் தளரவிடாமல் பிடித்திருப்பது டென்ஷனரில் இருக்கும் ஒரு சின்னப் பல்தான். பழைய வடிவ டென்ஷனரில் அந்தப் பல் விட்டுவிடுவது உண்டு. விட்டால் செயின் தொளதொளவென்று தொங்கும், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றிரண்டு பல் தாண்டிவிடும். வால்வுகள் பிஸ்டனில் முட்டி வளைந்தால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான். பின்னால் நிறுவனமே டென்ஷனரின் வடிவத்தை மாற்றியது. 2012 வண்டியில் எது இருக்கிறது என்பதை ஆண்டை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. எஞ்சினின் முன் மூடியில் ஒரு சிறிய சோதனைத் துளை இருக்கிறது. அதன் அடைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால் எந்த வகை டென்ஷனர், செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரிந்த மெக்கானிக் சொல்லிவிடுவார். வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்பதை ஸ்கேனரிலும் படிக்கலாம். பழைய டென்ஷனர் என்றால், வாங்கிய வாரத்திலேயே செயினும் டென்ஷனரும் மாற்ற வேண்டும். அதற்கான செலவைப் பேரம் பேசும்போதே விலையிலிருந்து கழித்துவிடுங்கள்.

இரண்டாவது எண்ணெய் குடிக்கும் பழக்கம். இந்தக் காலத்து எஞ்சின்களில் பிஸ்டனில் எண்ணெயை வழித்துவிடும் வளையத்தின் துளைகள் அடைபட்டு, எண்ணெய் எரியறைக்குள் போய்விடுகிறது. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை போவது ஏற்கக்கூடியதே என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. என் கணக்கில் அது அதிகம். உங்களுக்குச் சாதகமான விஷயம், எல்லா பில்லும் இருக்கிறது. இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவே தனியாக எண்ணெய் வாங்கிய சீட்டுகள் அடிக்கடி வருகின்றனவா என்று பாருங்கள். உரிமையாளரிடம் நேராகவே கேளுங்கள்: "கடைசியாக எப்போது எண்ணெய் ஊற்றினீர்கள்?" ஒரே உரிமையாளர் என்றால் பதில் அவருக்குத் தெரிந்திருக்கும். பானெட்டைத் திறந்து எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள். விளிம்புவரை புத்தம்புது எண்ணெய் நிரப்பியிருந்தால், அதற்கான காரணத்தைக் கேளுங்கள்.

கியர்பாக்ஸைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதிகம். இந்த டிடியில் இருப்பது ஆறு கியர், எண்ணெயில் நனைந்த இரட்டை கிளட்ச் கொண்டது. அதே குழுமத்தின் ஏழு கியர் உலர் கிளட்ச் வகையை விட நம்பகமானது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். 95,000 ஓடிய வண்டி என்றால் அந்த பில் ஒன்றாவது கோப்பில் இருக்க வேண்டும். எல்லா பில்லும் இருக்கிறது என்று அவர் சொல்வது உண்மையா என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை. நாலு சக்கர டிரைவ் என்றால் பின் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொடுக்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச்சுக்கும் தனி எண்ணெய் உண்டு, அதையும் தேடுங்கள்.

பாடி விஷயத்தில் பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. இந்த டிடியின் பாடியில் கிட்டத்தட்ட 69 சதவீதம் அலுமினியம், பின்பக்கத்தில்தான் எஃகு. பெயிண்டின் கனத்தை அளக்கும் மலிவான கருவிகள் காந்தத்தில் இயங்குபவை, அலுமினியத்தின் மேல் அவை எதையும் காட்டாது. அதை வைத்துக்கொண்டு பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்பவரின் பேச்சில் பொருளில்லை. இரண்டு உலோகத்தையும் அளக்கும் கருவி வேண்டும். அலுமினியத்தை ஒழுங்காகச் சரிசெய்ய, அதற்கென்று பயிற்சியும் கருவிகளும் உள்ள பட்டறை தேவை. முன்பக்கம் அடிபட்டு ஏனோதானோ என்று சரிசெய்த டிடியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

இனி உங்கள் மகள். எனக்கு இதுதான் எஞ்சினைவிட முக்கியமான சோதனை. டிடியின் பின் இருக்கை இரண்டு பேருக்கானது என்று தாளில் இருக்கும். பெரியவர்கள் உட்கார்ந்தால் தலை பின் கண்ணாடியில் இடிக்கும். ஏழு வயதுக் குழந்தை பூஸ்டர் இருக்கையோடு உட்கார முடியலாம். பத்து வயதில் முடியுமா என்பது அவள் வளர்த்தியைப் பொறுத்தது. வண்டியைப் பார்க்கப் போகும்போது மகளையும் பூஸ்டரையும் பள்ளிப் பையையும் எடுத்துச் செல்லுங்கள். முன் இருக்கையை மடக்கி அவள் தானாகவே ஏறி, பெல்ட்டைத் தானாகவே போட்டுக்கொள்கிறாளா என்று பாருங்கள். பள்ளி வாசலில் பின்னால் வண்டிகள் காத்திருக்கும்போது தினமும் நடக்கப்போவது இதுதான். பின்கதவை மூடும்போது அவள் தலை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டே மூட வேண்டும், அந்தக் கண்ணாடி தலைக்கு மேலேயே வந்து இறங்குகிறது. இந்த ஒரு விஷயத்தில் பிஎம்டபிள்யூ நிச்சயமாக நல்ல வண்டி. அதன் பின்னால் இரண்டு பெரியவர்களே உட்கார்ந்து போகலாம்.

ஆகவே மகளுக்கு டிடி பொருந்தவில்லையென்றால் மூன்றாவது வழிக்கு வருவோம். பிஎம்டபிள்யூவின் 2 சீரிஸ் கூப்பே. 2014-இல் வந்தது. 2016-இன் நடுவிலிருந்து அதில் புதிய எஞ்சின்கள் வந்தன: நாலு சிலிண்டர் பி48, எம்240ஐ வண்டியில் ஆறு சிலிண்டர் பி58. உங்களுக்கு அந்தக் காலத்துக்குப் பிறகு வந்த 220ஐ அல்லது 230ஐ போதும். அதற்கு முன் இருந்த என்20 எஞ்சினில் டைமிங் செயினின் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உடைவது தெரிந்த பிரச்சினை, அதனால்தான் ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். பின் சக்கர டிரைவ், திருப்பியதும் உடனே கேட்கும் ஸ்டியரிங், எட்டு கியர் இசட்எஃப் ஆட்டோமேட்டிக். நீங்கள் 335ஐயில் எதை ரசித்தீர்களோ அதில் பெரும்பகுதி இதில் இருக்கிறது, பின்னால் மகளுக்கும் இடம் இருக்கிறது. உங்கள் பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் மேலே போகலாம். ஆறு மாதம் காத்திருந்து பணம் சேர்த்து வாங்குவது, இப்போதே 335ஐயை வாங்கிவிட்டு அதே ஆறு மாதத்தில் அதன்மேல் செலவு செய்வதைவிட நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுக்கப் போதும் என்று சிலர் சொல்வார்கள். கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. தயாரித்தவர் பேச்சைக் கேளுங்கள்.

கேமன்? அருமையான வண்டி. எஞ்சின் நடுவில் இருப்பதால் அது வளைவில் திரும்பும் விதமே தனி, முன்னும் பின்னும் இரண்டு டிக்கி வேறு. ஆனால் இருக்கை இரண்டுதான். மகளைப் பள்ளியில் விட வேண்டிய வீட்டில் ஒரே வண்டியாக அது வேண்டாம். என்றாவது இரண்டாவது வண்டியாக வாங்கும் காலம் வந்தால், 2009 முதல் வந்தவற்றைப் பாருங்கள். அதற்கு முந்தைய எஞ்சின்களில் ஐஎம்எஸ் என்ற இடைத்தண்டின் பேரிங் உடைந்து எஞ்சினையே காலி செய்யும் அபாயம் உண்டு. 2009-இல் வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது.

எந்த வண்டியானாலும், பார்க்கப் போகும் காலை வேளையில் செய்ய வேண்டியவை சில. "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சின் மூடியின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைப்பதற்காக முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். வேறொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள்தான் நமக்கு வேண்டியவை. செயின் தளர்ந்திருந்தால் அப்போதுதான் கரகரக்கும். நீங்கள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பாதீர்கள், வேறொருவரைத் திருப்பச் சொல்லிவிட்டு வெளியே நின்று கேளுங்கள்.

பிறகு ஸ்கேனர். கோளாறு ஒன்றுமே இல்லை என்று வந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். எஞ்சின் கணினி தன்னைத்தானே சில சோதனைகள் செய்து, முடிந்தவற்றைக் குறித்து வைத்திருக்கும். பழைய கோளாறுகளை யாராவது நேற்று அழித்திருந்தால் அந்தச் சோதனைகள் முடியவில்லை என்று காட்டும். அதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஓடிய தூரமும் ஓடோமீட்டரில் மட்டும் இருப்பதில்லை, வேறு சில கணினிகளிலும் பதிவாகியிருக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். பதினேழு எழுத்து சேஸிஸ் எண்ணை வைத்து, நிறுவனம் திரும்ப அழைத்துச் செய்த வேலைகள் எல்லாம் இந்த வண்டியில் முடிந்துவிட்டனவா என்று டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். நாலு டயரும் ஒரே நல்ல கம்பெனியுடையதாக இருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். நாலும் நாலு கம்பெனி, அதிலும் கேள்விப்படாத பெயர்கள் என்றால், கண்ணுக்குத் தெரியும் டயரிலேயே கஞ்சம் பிடித்தவர் கண்ணுக்குத் தெரியாத எண்ணெயில் என்ன செய்திருப்பார் என்று யோசியுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழேயும் பார்த்தாக வேண்டும். டிடியில் கூலண்ட் பம்ப்பின் உறையைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்த தடம் இருந்தால் கசிவு என்று பொருள். காந்த டேம்பர்கள் (காந்தத்தால் இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பர்கள்) உள்ள டிடி என்றால் அவற்றில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், சாதாரண டேம்பரைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். இரண்டு வண்டிகளிலுமே கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கி, கதவை மூடியதும் மேலே ஏறி ரப்பருக்குள் உட்கார வேண்டும். இறங்கவில்லையென்றால் மழையில் தண்ணீர் உள்ளே வரும், வேகத்தில் காற்று இரையும்.

வாங்கிய பிறகு எப்படி ஓட்டுவது என்பதில் உங்கள் 9 கி.மீ. அலுவலகப் பயணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டிகளுக்கு நெடுந்தூரம் பிடிக்கும், குட்டிப் பயணம் பிடிக்காது. கூலண்ட் சூடேறிவிட்டது என்று முள் காட்டும்போதும் எண்ணெய் இன்னும் முழுச் சூட்டுக்கு வந்திருக்காது. நீங்கள் அலுவலகம் சேரும்போதுதான் ஏறக்குறைய அது தயாராகியிருக்கும், அதற்குள் அணைத்துவிடுவீர்கள். எரிபொருளும் ஈரமும் எண்ணெயில் கலந்தே கிடக்கும். எரிபொருளை நேரடியாக எரியறைக்குள் பீய்ச்சும் எஞ்சின்கள் என்பதால் உள்ளிழுக்கும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவிக்கொடுக்காது, அவற்றின் மேல் கரி படியும். அதனால் 30,000 கி.மீ., இரண்டு வருடம் என்று நீளும் சர்வீஸ் கால அட்டவணையை மறந்துவிடுங்கள். 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது எண்ணெயை மாற்றுங்கள், நிறுவனம் சொன்ன தரக்குறியீடு கொண்ட எண்ணெயாகப் பார்த்து. உங்கள் மாதாந்திர நெடும்பயணத்தை விட்டுவிடாதீர்கள், வண்டிக்கு அது நல்லது. காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு ஆக்ஸிலரேட்டரை மென்மையாக மிதியுங்கள்.

ஸ்டெப்னி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே டிக்கியைத் திறந்து பாருங்கள். பல கூப்பேகளில் முழு ஸ்டெப்னி கிடையாது. காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயரோ பஞ்சர் ஒட்டும் திரவமோதான் இருக்கும். ஒட்டும் திரவம் பக்கவாட்டுக் கிழிசலுக்கு உதவாது, நெடும்பயணத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிஎம்டபிள்யூ வாங்கினால் இன்னொன்று: பேட்டரியை மாற்றினால் புதிய பேட்டரியை வண்டியின் கணினியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரி என்றே நினைத்துத் தவறாகச் சார்ஜ் செய்து, புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். கூப்பே கதவு நீளமானது. நெருக்கமாக நிறுத்தும் இடங்களில் முழுதாகத் திறக்க முடியாது. உங்கள் அலுவலக நிறுத்துமிடத்தில் பக்கத்தில் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று நாளைக்கே அளந்து பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசை இது. 335ஐ விற்பவரிடம் நன்றி சொல்லிவிடுங்கள். டிடி உரிமையாளரிடம் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய பில்லைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது வந்தால் மகளோடு போய்ப் பாருங்கள். அவள் வசதியாக உட்கார்ந்தால், அடுத்த நாள் காலை குளிர்ந்த எஞ்சினோடு உங்கள் மெக்கானிக்கின் லிஃப்டில் ஏற்றுங்கள். இதற்குச் சம்மதிக்காத உரிமையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. டென்ஷனர் எந்த வகை, கேம்ஷாஃப்ட் எத்தனை டிகிரி என்ற இரண்டையும் மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேனர் அறிக்கையின் நகலோடு எனக்கு அனுப்பினால், விலையில் எவ்வளவு குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று பார்த்து எழுதுகிறேன்.